ரோட்டில் நின்று எடுத்த ஆறு படங்கள்

அத்தான் விழுந்த செய்தி எனக்கு டெலிபோனில் வந்தது. அப்போது நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பேசியவர் தன்னை யாரென்று சொல்லவில்லை. "உங்க அக்கா வீட்டுக்காரரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. வெரசாப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். அந்தக் குரலைப் பிறகு எத்தனையோ நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

அத்தான் கொத்தனார். பூச்சு வேலையில் கை சுத்தம் என்று பேர் வாங்கியவர். முப்பத்து நான்கு வயது. டவுனில் ஒரு ஜவுளி வியாபாரி மூன்று மாடியில் புதுக்கடை கட்டிக்கொண்டிருந்தார். நான்கு மாதமாக அத்தானுக்கு அங்கேதான் வேலை. தீபாவளிக்குக் கடை திறந்தாக வேண்டும் என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் விழுந்தது புரட்டாசி நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவருக்கு நல்ல நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழேதான் ஒன்றுமில்லை. அக்கா அவருடைய கால் பெருவிரலை அழுத்திக்கொண்டே, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருக்கியா? சரி, பிடிச்சுக்கோ" என்றார் அவர், மேலே பார்த்தபடி.

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ரெண்டாவது மாடி சன்ஷேடு, மாப்ள. காங்கிரீட் போட்டா பதினாலு நாளாவது அடியில பலகை நிக்கணும். மேஸ்திரி ஆறாம் நாளே உருவிட்டான். முதலாளி அவசரப்படுத்துதாவ, ஏறிப் பூசுன்னான். ஏறுனேன். நான் நின்ன எடத்தோட கழண்டு வந்துட்டு."

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் வேறு மாதிரி எழுதியிருந்தது. மது அருந்திவிட்டுச் சைக்கிளில் வந்தவர் நிலைதடுமாறி விழுந்ததாக, கொண்டுவந்து சேர்த்தவர் சொன்னபடி. கொண்டுவந்து சேர்த்தது மேஸ்திரி. நான் அதை வாய்விட்டுப் படித்தேன்.

"சைக்கிளா?" அத்தான் சிரிக்கப் பார்த்தார். "என் சைக்கிள் செயின் அறுந்து பத்து நாளா வீட்லல்லா கெடக்கு."

அவர் குடிக்கவே மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயந்திரம் குடிப்பார். செவ்வாய்க்கிழமை காலையில் குடிக்கிறவர் இல்லை. அக்காவுக்கு அந்த ஒரு வரிதான் தாங்க முடியவில்லை. முதுகெலும்பு முறிந்ததை டாக்டர் சொன்னபோதுகூட அழாதவள், "குடிச்சிருந்தாவன்னு எழுதிட்டாவளே" என்று வராண்டாவில் உட்கார்ந்து அழுதாள். "அத மட்டும் மாத்தச் சொல்லுலே தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்."

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "சன்ஷேடு விழுந்ததை யாரு பார்த்தா? கூட்டிட்டு வாரும், எழுதிக்கிடுதேன்" என்றார். மூன்று கொத்தனார் வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில், அவர் கோவில்பட்டி போயிருப்பதாக மனைவி சொன்னாள். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. இன்னொருவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அடுத்த வாரமும் அங்கனதான் வேலை தம்பி. கோவிச்சுக்கிடாதீய." மூன்றாவது வீடு பூட்டியிருந்தது.

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பார்சல் ஆபீஸ் வழக்குகளைப் பார்க்கிற, வயதான மனிதர். அவர் முதலில் கேட்ட கேள்வி, "அந்த சன்ஷேடு இப்ப எப்படி இருக்கு?"

"பாதி இல்ல சார். கம்பி வெளிய நீட்டிக்கிட்டுத் தொங்குது. ரோட்டுல இருந்தே தெரியுது."

"அப்ப அதுதான் உம்ம சாட்சி. அதுக்குப் பயமும் கிடையாது, அடுத்த வாரம் வேலையும் வேண்டாம். அவன் பூசி மறைக்கதுக்குள்ள படம் எடுத்திரும்."

"அவங்க கட்டடத்தை நாம எடுக்கலாமா சார்?"

"ரோட்டுல நிக்கதுக்கு எவன் அனுமதி வேணும்? அங்கன நின்னா கண்ணுக்குத் தெரியுததைப் படம் எடுக்கதுக்கும் அனுமதி வேண்டாம். கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல. ஆனா அவன் படியில கால் வச்சிராதீரும். ரோட்டுலயே நில்லும்."

ஜங்ஷனுக்குத் திரும்புகிற பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது, இரண்டு நாளில் முதல்முறையாக எனக்கு வயிறு பசித்தது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார் அல்லவா.

படம் எடுக்க ஸ்டுடியோக்காரர்கள் யாரும் வரவில்லை. முதல் ஸ்டுடியோவில், எந்தக் கடை என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டாவது ஸ்டுடியோக்காரர், "அண்ணாச்சி மக கல்யாணத்துக்கு நான்தான் வே படம் எடுத்தேன்" என்று சுவரைக் காட்டினார். பெரிய சட்டத்துக்குள் மாலையோடு ஒரு பெண் இருந்தாள்.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். தினமும் ரயிலில் வந்து போகிறவர். நான் கேட்காமலே, மறுநாள் காலையில் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா துபாய்ல இருந்து கொண்டு வந்தது. பட்டனை அமுக்கினாப் போதும், மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கிடும். உள்ள பதினாலு படம் எடுத்திருக்கு. மிச்சத்தை எடுத்துக்கிடுங்க."

"என்ன படம்?"

"காக்கா புள்ள. நாப்பதாம் நாள் அன்னைக்கு எடுத்தது. அவங்க இன்னும் புள்ளையப் பாக்கல. நீங்க எடுத்த பெறகு கழுவி அனுப்பணும்."

அப்போதே நான் வேறு ரோல் வாங்கிப் போட்டிருக்கலாம். பாதியில் ரோலைக் கழற்றினால் வீணாகும் என்று இருவருமே நினைத்தோம். கேமரா பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று பத்து மணிக்கு முன்னால் டவுனுக்குப் போனேன். கடை கிழக்கே பார்த்தது. காலை வெயில் முகப்பில் முழுசாக விழுந்தது. எதிர்ச்சாரியில் ஒரு சோடாக் கடை ஓரமாக, தார் ரோட்டின் மேலேயே நின்றேன். உடைந்த சன்ஷேடிலிருந்து நான்கு கம்பிகள் கீழே வளைந்து தொங்கின. பூசாத செங்கல் தெரிந்தது. ஒரு பக்கம், அத்தான் பூசி முடித்திருந்த ஓர் அடி அகலம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. நிதானமாக ஐந்து படம் எடுத்தேன். கட்டடத்தோடு ரோடும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஆறாவது எடுத்தேன். நான் ரோட்டில்தான் நின்றேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று எனக்கு நானே யோசித்துக்கொண்டேன். அந்த ஆறாவது படத்தை எடுக்காமல் கிளம்பியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"யாரைக் கேட்டுலே படம் எடுக்கே?" வாட்ச்மேன் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். பின்னால் இன்னும் நான்கு பேர்.

"ரோட்டுல நின்னுதான் எடுக்கேன்."

"ரோடு உங்க அப்பன் வீட்டுதா?"

கூட்டம் கூடியது. கட்டடத்துக்குள்ளிருந்து முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவர் சத்தம் போடவில்லை. "எதுக்குத் தம்பி இந்த வேலை? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேனே" என்றார். பிறகு வாட்ச்மேனிடம் திரும்பி, "ஸ்டேஷனுக்குச் சொல்லு" என்றார். சொல்லியாயிற்று போல, ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கேமராவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டுக் கேமரா. யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். அந்த வருஷங்களில் எங்கே பார்த்தாலும் குண்டுப் பயம்.

"பக்கத்துல கோயில் இருக்கு, பேங்க் இருக்கு. எதைலே எடுத்தே? எவனுக்கு அனுப்புதே?"

அத்தான் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அவருக்கு அது தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ரோட்டுல நின்னு கட்டடத்தை எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல சார். வக்கீல் சொன்னாரு."

"எடுக்கலாம்னு இருக்கா? எந்த செக்‌ஷன்? சொல்லு, எழுதிக்கிடுதேன்."

கூடாது என்று எழுதாததெல்லாம் செய்யலாம் என்பதுதான் வக்கீல் சொன்னதன் பொருள். அதை எந்தப் பக்கத்தில் போய்க் காட்டுவது? அப்போது அவருக்கும் எனக்கும் சேர்த்து டீ வந்தது. கட்டடத்துக்காரர் கொடுத்துவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். நான் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர் கேமராவின் பின்மூடியைத் திறந்து, பிலிமின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார். ஜன்னல் வெயிலில் அது சுருள் சுருளாக மேஜைமேல் விழுந்தது.

"சார், அதுல ஒரு பச்சப்புள்ள படம் இருக்கு சார்!"

அவர் கை நின்றது. நிஜமாகவே நின்றது. "முன்னாலயே சொல்லியிருக்கணும்லா" என்றார். இனி என்ன இருக்கிறது என்று மிச்சத்தையும் இழுத்துப் போட்டார்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கட்டடத்தைப் படம் எடுத்தது என் தவறு, இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று. பில் எழுதிப் பழகிய கை. எழுத்து அழகாக வந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆபீசுக்குப் போய்ப் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். அவர் கேமராவைத் திறந்து காலி இடத்தைப் பார்த்தார். மூடினார். "போவட்டும். புள்ள நல்லா இருக்குல்லா. இன்னொரு ரோல் போட்டு எடுத்துக்கிடலாம்" என்றார். எடுத்தார்களாம். ஆனால் நாற்பதாம் நாள் என்பது அது ஒன்றுதான். அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டை அவர் கீழே குடோனில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சண்டை ஒன்றும் கிடையாது. அடுத்த வருஷம் அவரும் துபாய் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே சன்ஷேடை மொத்தமாக இடித்து எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் புதிதாக ஒன்று போட்டார்கள். அதற்குப் பதினாலு நாளும் பலகை நின்றது. எண்ணிப் பார்த்தேன்.

லேபர் ஆபீசுக்கு மனு கொடுத்தோம். அதிகாரி வந்து பார்த்தபோது கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தது. நான் கண்ணால் பார்த்ததை ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். "வரையுததுன்னா யாரு என்ன வேணும்னாலும் வரையலாம்லா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. விசாரணை நாளில் கட்டடத்துக்காரரின் வக்கீல் எடுத்து நீட்டியது ஒரே ஒரு காகிதம். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல். கெட்ட எண்ணத்தோடு வந்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார். என் வக்கீல் எழுந்து, ரோட்டில் நின்று படம் எடுப்பது குற்றமே இல்லை என்று அரைமணி நேரம் பேசினார். அதிகாரி தலையாட்டினார். அவர் சொல்வது சரிதான் என்றும் சொன்னார். ஆனால் படம் எங்கே என்று கேட்டார்.

தீபாவளிக்குக் கடை திறந்தது. ஜனவரியில் துணி வாங்கினவர்களுக்கெல்லாம் காலண்டர் கொடுத்தார்கள். அதில் அந்தக் கட்டடத்தின் கலர்ப் படம், மூன்று மாடியும் தெரிய, ரோட்டுக்கு எதிர்ச்சாரியிலிருந்து எடுத்தது. பேட்டையில் அக்கா குடியிருந்த வளவில் நாலு வீட்டில் அது தொங்கியது. அக்கா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள், விவரம் தெரியாமல். நான் அதைக் கிழிக்கப் போனேன்.

"வையி மாப்ள" என்றார் அத்தான். கட்டிலுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "மூணாவது மாடிப் பூச்சு நான் பூசினது. நல்லா வந்திருக்கு, பாத்தியா? ஒரு வெடிப்பு இல்ல." அதைக் கால்மாட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார். அக்கா ஆணி அடித்தாள்.

அவர் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். முதுகில் புண் வந்து, ஆறி, மறுபடியும் வந்து, கடைசியில் காய்ச்சலில் போனார். அக்கா அதற்குள் பீடி சுற்றப் பழகியிருந்தாள். ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த அந்த ஒரு வரியைக் கடைசிவரை மாற்ற முடியவில்லை. மனுவும் சான்று இல்லை என்று திரும்பி வந்தது. அதைப் படித்துக் காட்டும்படி அக்கா கேட்டாள். படித்தேன். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். மடியில் பீடித்தட்டு இருந்தது.

"தப்புன்னு ஏம்லே எழுதிக் கொடுத்தே?"

"அடிச்சாங்கக்கா" என்றேன்.

அவள் கை நின்றது. என் முகத்தை, கழுத்தை, கைகளைப் பார்த்தாள், இரண்டு வருஷம் கழித்தும் தழும்பு இருக்கும் என்பதைப்போல. "எங்கிட்டச் சொல்லவே இல்லியே நீ" என்றாள். அத்தானுக்காக அழுததைவிட அதிகமாக அன்று எனக்காக அழுதாள்.

என்னை யாரும் அடிக்கவில்லை. ஒரு விரல்கூட மேலே படவில்லை. தாளைத் தள்ளினார்கள், எழுதினேன், அவ்வளவுதான். அக்கா இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.