அண்ணன் பேருக்கு விட்ட மீன்

இழுவலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையில் கட்டிய கழியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்து நடந்து வர வேண்டும். மேல்கயிற்றில் மிதவைகள் இருக்கும், அடிக்கயிற்றில் ஈயக் குண்டுகள் இருக்கும். அடிக்கயிறு சேற்றை உரசிக்கொண்டே வர வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிற ஒரே வித்தை. கொஞ்சம் தூக்கிவிட்டால் உள்ளே இருக்கிற மீனெல்லாம் அடியில் நழுவிப் போய்விடும்.

என் கணவர் தூக்கிவிடுவார். கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன். சாமி ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவர் மாதிரி கழியை உயர்த்திக்கொண்டு, கொக்கைப் பார்த்துக்கொண்டு வருவார். "உங்க பக்கம் வர்ற மீனுக்கெல்லாம் ஆயுசு கெட்டி" என்று கத்துவேன். சிரிப்பார். எனக்கு வாய் நீளம் என்பது அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நன்னீர் மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி என் தொழில். அவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வலையை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். செய்யூர் பக்கம், சவுக்குத் தோப்புகளைத் தாண்டி ஒரு சின்ன ஏரி. நாலைந்து ஊர் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் தண்ணீர் கொடுக்கிறது, மற்றபடி யாரும் திரும்பிப் பார்க்காத ஏரி. நான் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், நான் வலை போட்டுப் பார்த்த ஏரிகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தி நுழையாதது அது ஒன்றுதான்.

அந்தக் கெளுத்தியை வளர்க்கவே தடை இருக்கிறது. இருந்தும் சந்தைக்கு வரும். வாய்க்கு எட்டியதையெல்லாம் தின்னும். தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். அது புகுந்த ஏரியில் குரவை, ஆரல், அயிரை என்று ஒவ்வொன்றாக வலையில் குறைந்துகொண்டே வருவதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். இந்த ஏரியில் மழைக்குப் பிறகு கோரைப் பக்கம் போனால் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று மொய்த்து நிற்கும். அடியில் அப்பன் விரால் காவல் நிற்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நின்றதுதான், கூப்பிட்டால் காது கேட்காது.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு வருஷம் கெளுத்திக் குஞ்சு விடப் போவதாகப் பேச்சு வந்தது. நான் போயிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். என் கணவர்தான் போனார். டீக்கடையில் உட்கார்ந்து, வாராவாரம் பேசி, கட்லாவும் ரோகுவும் போதும் என்று சம்மதிக்க வைத்தார். அந்த ஏரிக்கு அவர் செய்த காரியம் அது. என் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் அதில் பாதி கூடச் செய்யவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, அலுவலகப் பேருந்தில் ஏறப் போனவர் படியிலேயே சரிந்துவிட்டார். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டது. அஸ்தியை மாமல்லபுரத்துக் கடலில் கரைத்தோம். மணலில் உட்கார்ந்துகொண்டு என் நாத்தனார் அழுதாள். அவருக்கு ஒரே தங்கை, மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்தது. உப்புத் தண்ணீர் அண்ணனுக்கு ஆகவே ஆகாதே, ஏரியிலேயே கிடந்த மனுஷனைக் கடலில் கொண்டுவந்து விட்டோமே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

தை அமாவாசை அன்று மத்தியானம் போன் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு தெளிச்சி.

"அண்ணி, அண்ணன் பேருக்கு மீன் வுட்டுட்டு வந்தேன். கோயில்ல சொன்னாங்க, அவருக்குப் புடிச்ச தண்ணியில உசுரோட மீன் வுட்டா நல்லதுன்னு. ஒரு அன்னகூடை நெறைய வாங்கினு போயி ஒங்க ஏரியிலயே வுட்டேன்."

என்ன மீன் என்று கேட்டேன்.

"இன்னா மீனுன்னு தெர்ல அண்ணி. மீசை வெச்சிகினு இருந்திச்சி. சந்தையில அது ஒண்ணுதான் உசுரோட இருந்திச்சி."

வேறு எது இருக்கும்? அந்த வெயிலில், அலுமினியத் தொட்டியில், விரல்கடை அளவுத் தண்ணீரில் அது ஒன்றுதான் சாகாமல் கிடக்கும். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர் காப்பாற்றி வைத்த ஏரியை அவர் பேரைச் சொல்லியே கெடுத்தாகிவிட்டது. சொன்னால் அவள் தாங்குவாளா? செத்துப்போன அண்ணனுக்குச் செய்த ஒரே காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாவிட்டால் ஆடி அமாவாசைக்கும் ஒரு கூடை போகும். சித்திரையில் தண்ணீர் வற்றட்டும், நேரில் காட்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

சித்திரையில் வலையின் மறுமுனைக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் வருகிறேன் என்று அவளே வந்தாள். வண்டியில் கிடந்த அண்ணன் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். தலையாட்டினாள். தண்ணீரில் இறங்கிப் பத்தடி வந்திருக்க மாட்டோம், கழி மெல்ல மேலே போனது. அதே உயரம், அதே கொக்குப் பார்வை. "கீழ, கீழ" என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வியர்வையைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தேன்.

அடுத்த இழுப்பில் கரையோரம் வலை கனத்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி. கருத்த முதுகு, நீளமான மீசை.

நாத்தனார் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நான் வுட்டது அண்ணி. அண்ணனுக்கு வுட்டது. எப்டி வளந்துகீது பாரு." அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "திரும்ப வுட்ரு அண்ணி."

பிடிபட்ட கெளுத்தியைத் திரும்ப விடக் கூடாது. கரையில் கிராம்பு எண்ணெய் கலந்த வாளி இருந்தது, மீன் மயங்கி அப்படியே செத்துப்போகும்; அதில்தான் போட வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை. ஈரச் சாக்கில் மீனைச் சுற்றிவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வருஷம் கோரைப் பக்கம் விரால் குஞ்சுகளையே காணவில்லை என்பதையும் சொன்னேன். அதற்கு இந்த மீன்தான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது, ஆனால் இதை வைத்துக்கொண்டு விரால் பிழைக்காது என்றேன்.

அவள் ஏரிக்கரையில் உட்கார்ந்து, சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"எங்கண்ணனுக்குத் தெரியுமா அண்ணி, இந்த மீன் ஆவாதுன்னு?"

"தெரியும்மா. இது உள்ள வராம பாத்துக்கிட்டதே அவருதான்."

பொய் சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரில் போட்டால் வலிக்குமா என்று கேட்டாள். வலிக்காது, தூங்கிவிடும் என்றேன். சாக்கை என் கையிலிருந்து வாங்கி, மீனை இரண்டு கையாலும் எடுத்து, தானே வாளிக்குள் இறக்கினாள். அது அடங்கும்வரை கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. வாளியிலிருந்து பல்வலிக்காரர் வீட்டுக் கிராம்பு வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னும் கீது. நெறைய வுட்டேன். வா அண்ணி, இழுக்கலாம்."

எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. அது சேற்றைத் தோண்டிப் புதைந்துகொள்ளும், வற்றிய ஏரியிலும் கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வரும். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தண்ணீரில் இறங்கினோம்.

இந்த முறை அவள் பக்கம் அடிக்கயிறு சேற்றை விட்டு எழவே இல்லை. குனிந்து, கழியைத் தரையோடு அழுத்திக்கொண்டு, முகம் தண்ணீரில் படும்படி வந்தாள். கொக்கையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இப்படி இழுங்கள் என்றுதான் அவள் அண்ணனிடம் அத்தனை வருஷம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். இப்போது, கொஞ்சம் தூக்கித்தான் பிடியேன் என்று எனக்கு வாய்வரை வந்தது.