புது விளக்கும் வெளுத்த பவளமும்

மார்சிலிங்கில் ஒருவர் வீட்டு மீன்தொட்டியின் விளக்கை மாற்றினேன். பதினெட்டு வருடப் பவளம் வெளுத்துப்போனது. அடுத்தவர் வீட்டு உப்புநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. செத்தால் ஏச்சு எனக்கு, பிழைத்தால் பெருமை அவர்களுக்கு. ஹாலில் ஒரு கடலையே வைத்துக்கொண்டு நிம்மதி கெட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

நகைக்கடைத் தொட்டி

முதல் எச்சரிக்கை சிராங்கூன் சாலையில் வந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர், தன் கடைத் தொட்டிக்கும் ஷோகேஸ் மாதிரி வெளிச்சம் வேண்டும் என்றார். பழைய டியூபைக் கழற்றி எல்இடி மாட்டினேன். மூன்றாவது வாரம் கண்ணாடி, கல், மணல் எல்லாம் பாசி. மீன்கள் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. சுரண்டிச் சுரண்டி என் தோள்பட்டை போனது. வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்றேன். அவர் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

"இருக்கட்டும்ணே. கஸ்டமருக்கு மரகதம் மாதிரி தெரியுது."

சிரித்துவிட்டு வந்தேன். அங்கேயே புத்தி வந்திருக்க வேண்டும்.

இருபது பர்சென்ட்

ஹாஜா மைதீன் பாய் துணிக்கடைக்காரர். மார்சிலிங்கில் எட்டாவது மாடி. அவர் வீட்டுப் பவளம் நான் வாங்கிக் கொடுத்தது. வந்தபோது எலுமிச்சை அளவு. வளர்ந்து சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகியிருந்தது. கடையிலிருந்து வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவார். டிவி கிடையாது, போன் கிடையாது.

எல்இடிக்கு மாறலாம் என்று அவரை நச்சரித்தது நான்தான். தண்ணீர் சூடாகாது, அதைக் குளிரவைக்கும் சில்லர் ஓயாமல் ஓட வேண்டாம் என்றேன். அதெல்லாம் உண்மை. விளக்கு விற்ற பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டே ஏதேதோ பாடம் நடத்தினாள். நீ பிறப்பதற்கு முன்பே தொட்டி கழுவியவன் நான் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"சரி அங்கிள். ஆனா இருபது பர்சென்ட்ல ஆரம்பிங்க லா. ப்ளூ லைட் கண்ணுக்குத்தான் டிம்மு, கோரலுக்கு அது வெயில்."

நூறில் வைத்தேன். முதல் நாளே.

தண்ணீர்மேல் பழி

இரண்டாவது வாரம் கிளை நுனிகள் வெளுத்தன. பவளத்தின் உடம்புக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது; அதுதான் பவளத்துக்குச் சோறு போடுகிறது. வெளிச்சம் மிஞ்சினால் பவளம் அதை வெளியே துரத்திவிடும். பிறகு வெளுப்பு, பட்டினி, சாவு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தண்ணீரைக் குறை சொன்னேன். உப்பு பார்த்தேன், தண்ணீர் மாற்றினேன், மருந்து ஊற்றினேன்.

யார் தொட்டியில் கைவைத்தது என்று பாயின் மனைவி ஜைனம்புவிடம் சீறினேன். நான் பார்க்கும் தொட்டியை வீட்டுக்காரர்கள் தொடக் கூடாது. அது என் சட்டம். அவர் சமையலறைக்குள் போய்விட்டார். பாய்தான் பேசினார், மெதுவாக.

"அண்ணே, இது போச்சுன்னா தொட்டியையே தூக்கிடலாம். வெறுந் தண்ணிய வச்சு நான் என்னத்தப் பார்க்க?"

சொல்லாமல் போன நாள்

உட்லண்ட்ஸில் ஒரு வேலை சீக்கிரம் முடிந்தது. போன் பண்ணாமல் பாய் வீட்டுக்குப் போனேன். மாலை அஸர் தொழுகை நேரம். பாய் கதவைத் திறந்தார். ஜைனம்பு தொழுதுகொண்டிருந்தார். தொட்டியின் மேலே, விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில், வலது பாதியை ஒரு வெள்ளைத் துப்பட்டா மூடியிருந்தது.

கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் பவளம் கண்ணில் பட்டது. துணிக்குக் கீழே இருந்த கிளைகளில் சதை பழுப்புப் பச்சையாக, கொழுகொழுவென்று ஆடியது. துணிக்கு வெளியே இருந்தவை எலும்பாக நின்றன. ஒரே பவளம், ஒரே தண்ணீர். வெளுத்த பக்கத்தையே பார்த்துப் பதறியதில் மறுபக்கத்தை நான் கவனிக்கவே இல்லை.

ஜைனம்பு தொழுது முடித்து வந்தார். புது விளக்கு வந்ததிலிருந்து தண்ணீரின் அலை வெளிச்சமாக எதிர்ச்சுவரில் ஆடுகிறதாம். தொழும்போது கண் அங்கேயே ஓடுகிறதாம். அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் மூடியிருக்கிறார். விளக்கு மாட்டிய மறுநாளே ஆரம்பித்துவிட்டார். காலையில் போட்டால் விளக்கு அணையும்வரை எடுப்பதில்லை. இத்தனை தடவை வந்தேனே, ஒருநாளும் பார்க்கவில்லையே என்றேன்.

"நீங்க வர்ற அன்னிக்கு எடுத்து ஒளிச்சு வச்சுடுவேன்ணே. ஏசுவீங்கள்ல."

விளக்கை இருபதுக்கு இறக்கினேன். செத்த கிளைகள் திரும்பவில்லை. பாய் இப்போது நாற்காலியை வலது பக்கம் நகர்த்திப் போட்டு உட்காருகிறார். வெளிச்சத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது ஜைனம்புதான். அவரிடம் கேட்காமல் நான் பொத்தானைத் தொடுவதில்லை.

பாதிப் பவளத்தைக் கொன்றது என் நாற்பது வருட அனுபவம். மீதியைக் காப்பாற்றியது, என் வாய்க்குப் பயந்து துணியை ஒளித்து வைத்த ஜைனம்பு.