நாலு விரல் இடைவெளி

அமுக்கி எந்த வண்டியையும் முதலில் கண்ணால் பார்க்கமாட்டான், கையால்தான் பார்ப்பான். வண்டிக்காரர் இறங்கி வந்து என்ன கோளாறு என்று வாயைத் திறப்பதற்குள், பின்பக்கம் போய் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கி விட்டுவிடுவான். வண்டி ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால் செத்துவிட்டது. அப்படி வந்த பெயர் அது. அமுக்குணி என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கும் வாயை மாலையில் ஷட்டரை இறக்கும்போதுதான் மூடுவான்.

என் கடைசல் பட்டறை அவன் ஷெட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அவன் பேச்சை அந்தத் தகரத்தின் வழியாகக் கேட்டுக் கேட்டு என் காதே தேய்ந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ வண்டிகளுக்கு வேலை செய்திருக்கிறோம். அதில் ஒன்றைச் செய்யாமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அது அவன் தங்கச்சியின் வண்டி.

தங்கச்சியை அவன் சுண்டு என்றுதான் கூப்பிடுவான். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். அம்மா சீக்கிரம் போய்விட்டதால், அவளுக்குத் தலை பின்னிவிட்டது முதல் கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தது வரை எல்லாம் அமுக்கிதான். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. பதினைந்து வருஷத்துப் பழைய பிக்கப் ஒன்றை வைத்து, மேட்டுமேல் இருக்கும் டைல்ஸ் கிடங்கிலிருந்து கீழே கட்டிட வேலை நடக்கிற இடங்களுக்கெல்லாம் லோடு அடித்துக்கொண்டிருந்தாள். மேட்டிலிருந்து இறங்கும் ரோட்டில் இரண்டு வளைவு. இரண்டாவது வளைவு தாண்டினால் பஸ் நிறுத்தம், கடைகள், எப்போதும் கூட்டம்.

அந்த இறக்கத்துக்காகவே அமுக்கி அவளுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்திருந்தான். லோடு ஏற்றி முடித்ததும் பின் டயருக்கும் மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவில், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி கையை நுழைக்க வேண்டும். நாலு விரல் நுழைந்தால் கிளம்பலாம். மூன்று விரல்தான் நுழைகிறது என்றால் பெட்டியை இறக்க வேண்டும். கிடங்குக்காரர் கத்தினாலும் சரி, மேஸ்திரி போனில் திட்டினாலும் சரி.

"எடை மெஷின் பொய் சொல்லும், கிடங்குல இருக்கறவன் பொய் சொல்லுவான், டயர் பொய் சொல்லாது" என்பான்.

சுண்டு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நாற்பது பெட்டிக்கு நாலு விரல். நாற்பத்தொன்றாவது பெட்டியை ஏற்றச் சொன்னால், கிடங்கு ஆட்கள் சிரிக்கச் சிரிக்கக் குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் விரல் கேக்குது, வேணாம்" என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் வண்டிக்கு வயதாகிவிட்டது. பின்னால் எடையைத் தாங்குகிற அடுக்குப் பட்டைகள் தளர்ந்துபோய், முப்பது பெட்டி ஏற்றினாலே பின்பக்கம் சப்பென்று உட்கார ஆரம்பித்தது. முன் விளக்கு வானத்தைப் பார்த்தது. கிடங்கில், "உன் வண்டி நடக்குதா, தவழுதா?" என்று கேலி. ஒருநாள் ஷெட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து நின்றாள்.

"முப்பதுதான் போகுதுண்ணா. பத்து பெட்டிக்காக இன்னொரு தடவை மேடேற வேண்டியிருக்கு. பட்டையை மாத்திக் குடு."

அமுக்கி அமுக்கிப் பார்த்தான். வண்டி தொட்டில்போல ஆடியது.

"பட்டை மாத்தினா மூணு நாள் வண்டி நிக்கும். அதுக்கு வேற வழி வெச்சிருக்கேன். அரை நாள் வேலை."

அவன் சொன்ன வழி, எடைக்கு முட்டுக்கொடுக்கிற ஷாக். சாதாரண ஷாக் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். இந்த வகைக்கு உடம்பைச் சுற்றிக் கனமான ஸ்பிரிங் ஒன்று இருக்கும். லோடு ஏற ஏற அது பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். மறுநாள் காலையில் இரண்டு நீளப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தான்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். பழைய ஷாக்குகள் எண்ணெய் கக்கிக் கறுத்துக் கிடந்தன. அடி நட்டு துருப்பிடித்து அசையவில்லை. நான் ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரில் மாட்டி, இரண்டு பேரும் தொங்கினோம். மேல் போல்ட் போகிற ஓட்டை தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. அதற்குள் இறுக்கமாக உட்கார நான் ஓர் இரும்பு வளையம், புஷ் என்போம், கடைந்து கொடுத்தேன். கடைசி முறுக்கை அவன் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் போட்டான். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். அப்படிப்பட்ட வேலைக்காரன்.

ஷாக் வந்த டப்பாவில் ஒரு தாள் இருந்தது. அதை விரித்து அதன்மேல் நட்டுகளை வைத்தான். அந்தத் தாளுக்கு எங்கள் ஷெட்டில் அதற்குமேல் மரியாதை கிடைக்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின் அச்சிலிருந்து வண்டியின் சட்டத்துக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். சேறு அப்பியிருந்தது. அமுக்கி மல்லாந்து படுத்தபடியே அதைத் துணியால் துடைத்தான், விரலால் தட்டிப் பார்த்தான். கம்பி லேசாக ஆடியது.

"இது நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

எழுந்து வந்து பின்பக்கத்தை அமுக்கினான். வண்டி ஒரே தடவை எழும்பி, கல்போல நின்றது. நாங்கள் இரண்டு பேரும் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தோம். அசையவில்லை. சுண்டு கைதட்டிச் சிரித்தாள். அமுக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நானும்தான் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வாரமே நாற்பது பெட்டி ஏறியது. கையை விட்டுப் பார்த்தாளாம், ஐந்து விரல் நுழைகிற அளவுக்கு இடம். அடுத்த வாரம் ஐம்பது. அதற்கடுத்து அறுபத்திரண்டு. அன்றைக்குத்தான் சரியாக நாலு விரல் வந்ததாம். போனில் அண்ணனிடம் சொன்னாள். அவன் தகரத் தடுப்பைத் தட்டி எனக்கும் சொன்னான்.

"அறுபத்திரண்டுடா! நாலு விரல்! என் கை என்ன கைன்னு பாத்துக்கோ."

"பழைய வண்டிடா" என்றேன்.

"பழைய வண்டிதான். கால் புதுசு."

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஆனால் கடைசல்காரன் மெக்கானிக்குக்குப் பாடம் எடுத்தால் எடுபடுமா? வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடக்கூடாத நேரத்தில் மூடுவது என் வழக்கம்.

மூன்றாவது வாரம் சுண்டு வந்தாள். முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருகிறது என்றாள். அமுக்கி கழற்றிப் பார்த்தான். முன் பிரேக் பேடு காகிதம்போலத் தேய்ந்திருந்தது. மாற்றி நாலு மாதம்கூட ஆகவில்லை.

"இறக்கத்துல மிதிச்சா வண்டி மூக்கு குத்துதுண்ணா. பின்னாடி யாரோ நின்னு தள்ற மாதிரி இருக்கு."

"லோடு இருந்தா தள்ளத்தானே செய்யும்? உன்னைத் தாலாட்டுமா?"

"முன்னாடி இப்படி இல்லண்ணா."

"முன்னாடி முப்பது பெட்டி. நாலு விரல் பாக்குறியா, இல்லியா?"

"பாக்காம கிளம்புவேனா?"

"அப்ப பயப்படாத."

புது பேடு மாட்டி அனுப்பினான். பின்சக்கரத்தைத் திறந்திருந்தால் பதில் அங்கேயே இருந்திருக்கும். பின் பிரேக் கட்டைகள் தேயாமல் புத்தம்புதிதாக உட்கார்ந்திருக்கும். அவன் திறக்கவில்லை. அவள் கிளம்பிப் போகும்போது, தெருமுனைத் திருப்பத்துக்கு முன்னால் பிரேக் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். வழக்கத்தைவிட ரொம்ப முன்னாலேயே மிதிக்கிறாள் என்று தோன்றியது. அன்றைக்கும் சொல்லவில்லை.

அடுத்த வாரம், ஒரு காலைநேரம், பதினோரு மணி இருக்கும். அதே ரகத்துப் பழைய பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்து காய்கறி வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அவருக்கும் அந்த ஷாக் வேண்டுமாம். சுண்டுவின் வண்டியைப் பார்த்துவிட்டு ஆசை வந்துவிட்டது. அமுக்கி அடியில் போய்ப் படுத்தான். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பொழுது போகாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கம்பி எதுக்கு மெக்கானிக்கு?"

"அதுவா? அது உளவாளி." அமுக்கிக்குக் கதை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடுவானா? "மேல ஒரு வால்வு இருக்கு பாருங்க. லோடு ஏத்தினா பின்னாடி உக்காரும். உக்காந்தா இந்தக் கம்பி மேல ஏறி, லோடு இருக்குன்னு வால்வுக்குச் சொல்லும். உடனே பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். வண்டி காலியா இருந்தா உக்காராது. அப்ப பின் பிரேக்குக்குக் கொஞ்சமாத்தான் குடுக்கும். இல்லன்னா காலி வண்டி வழுக்கிச் சுத்திடும்ல? அதனால, வண்டி உக்காரலன்னா..."

பேச்சு நின்றது. அத்தனை வருஷத்தில் அவன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் கேட்டதில்லை.

"உக்காரலன்னா?" என்றார் காய்கறிக்காரர்.

அமுக்கி வெளியே வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து, "அறுபத்திரண்டு பெட்டி ஏத்தியும் அவ வண்டி காலின்னு நினைச்சுக்கிட்டு இறங்குதுடா" என்றான்.

அறுபத்திரண்டு பெட்டியின் பாரத்தையும் அந்த இறக்கத்தில் முன்சக்கரங்கள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவன் விரல் கணக்கும் பார்க்கிறது உட்காருகிறதா என்பதைத்தான், வண்டியின் கம்பியும் பார்க்கிறது அதைத்தான். ஒரே பொய்யை இரண்டும் நம்பிவிட்டன.

போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். ஏழு தடவை. வண்டி ஓட்டும்போது போன் எடுத்தால் கையை ஒடிப்பேன் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தவனும் அவன்தான். கிடங்குக்கு அடித்தோம். "இப்பதான் கிளம்பிச்சு அந்தப் பொண்ணு. இன்னைக்கு அறுபத்தஞ்சு வேணும்னோம். கையை விட்டுப் பாத்துட்டு மூணு பெட்டியை இறக்கிட்டா" என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

என் பைக்கில் போனோம். நான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தான். அந்தப் பிடியின் தடம் ஒரு வாரம் இருந்தது. வழியெல்லாம் அவன் பேசவில்லை. பேசித் தொலையேன் என்று கத்தலாம்போல இருந்தது எனக்கு. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் எல்லோரும் மேட்டைப் பார்த்து நின்றிருந்தார்கள். அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது வளைவில், மலைப்பக்கச் சுவரோடு வண்டி ஒட்டிக்கொண்டு நின்றது. மிதித்தும் நிற்காததால் சுவரில் உரசி உரசியே நிறுத்தியிருக்கிறாள். முப்பது அடிக்குச் சுவரில் பச்சைப் பெயின்ட் இழுத்திருந்தது. முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பெட்டிகள் நழுவி வந்து கேபினின் பின்சுவரை உடைத்து உள்ளே இறங்கியிருந்தன. ஆட்கள் அவளை வெளியே எடுத்து ரோட்டோரம் படுக்கவைத்து, மேலே யாரோ ஒருவரின் சட்டையைப் போர்த்தியிருந்தார்கள்.

பின் டயருக்கு மேல் இடைவெளி அப்படியே இருந்தது. நான் கையை விட்டுப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நாலு விரல். என் புஷ்ஷும் இம்மி அசையவில்லை.

அமுக்கி அவள் தலைமாட்டில் மண்டியிட்டான். அவளுக்கு நினைவு இருந்தது. பேச முயன்றாள், வாயில் இரத்தம்தான் வந்தது. அண்ணன் திட்டப்போகிறான் என்று பயந்தாளோ என்னவோ, அவசர அவசரமாக வலது கையைத் தூக்கினாள். கட்டைவிரலை மடக்கி, நாலு விரலை நீட்டி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், மீறவில்லை என்று சொல்கிற மாதிரி.

அந்த நாலு விரலையும் அவன் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"நீ சரியாத்தான் அளந்தம்மா. நான்தான் அளக்கல."

அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கை தளர்ந்துவிட்டது.

மூன்று வருஷமாகிறது. அமுக்கி ஷெட்டைத் திறக்கிறான், வேலை செய்கிறான். வண்டி வந்தால் பின்பக்கம் போவதில்லை. "எத்தனை கிலோ ஏத்துவீங்க?" என்று மட்டும் கேட்கிறான். ஷாக் டப்பாவில் வந்த, எண்ணெய்க்கறை படிந்த அந்தத் தாளை ஒருநாள் என் பட்டறைக்குக் கொண்டுவந்து படிக்கச் சொன்னான். இந்த ஷாக்கைப் பொருத்துவதால் வண்டி சுமக்கக்கூடிய எடை கூடாது, பிரேக் வால்வின் கம்பியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றான். அதற்கப்புறம் ஷட்டரை இறக்கும்வரை தகரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.