நைட்ரஜன் லாரியும் என் தம்பியின் வலையும்

திரவ நைட்ரஜன் லாரி ஓட்ட வருகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கிளட்ச்சும் கியரும் இல்லை, "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்று நாலு விதமாகச் சொல்லப் பழகவேண்டும். செய்யாத குற்றத்துக்கு முழி பிதுங்கும் தொழிலில் இருக்கும் சகோதர சகோதரிகளே, பால் ஊற்றுகிறவர்களே, ஆட்டோ ஓட்டுகிறவர்களே, கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். வலையைத் தம்பி தேசிங்கிடம் விட்டுவிட்டு மீஞ்சூர்ப் பக்கம் ஸ்டியரிங் பிடிக்கப் போனேன். என் மேல் விழுந்த சந்தேகத்தில் போன வருஷம் அவன் பாடு பறிபோக இருந்தது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் எங்கள் பக்கம் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்தக் கதைக்குப் போவதற்கு முன், என் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எடை மேடை

நைட்ரஜன் ஒன்றும் விஷம் இல்லை. நாம் இழுக்கும் காற்றில் முக்கால்வாசி அதுதான். அதைக் கடுங்குளிரில் தண்ணீர் மாதிரி ஆக்கி, பெரிய பிளாஸ்க் மாதிரியான டேங்கரில் அடைத்துக் கொடுப்பார்கள். என்னதான் பிளாஸ்க் என்றாலும் வழியில் கொஞ்சம் ஆவியாகிவிடும். வெயிலில், நெரிசலில் நின்றால் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் ஏற்றிய இடத்து எடையும் இறக்கும் இடத்து எடையும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றின் வாசலில் ஒரு செக்யூரிட்டி இருந்தார். எடை குறைந்த அன்று என் சீட்டுக்கு அடியில் பார்த்தார், டூல் பாக்ஸில் பார்த்தார், சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தார். "இந்தச் சரக்கைத் தூக்கில் ஊற்றித் தொடைமேல் வைத்தால் தொடை மிஞ்சாது சார்" என்றேன். அவர் சாம்பாரை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "காத்தா பூட்ச்சு, காத்தா பூட்ச்சுன்றியே, போவசொல்ல உன்னாண்ட சொல்லிகினா போச்சு?"

பூட்டு

டேங்கருக்குள் அழுத்தம் ஏறினால் சேப்டி வால்வு தானாகத் திறந்து, உஸ்ஸென்று வெள்ளைப் புகை விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். எனக்கு அது தும்மல் மாதிரி. பழவேற்காட்டில் பழைய டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒருநாள் நின்றபோது அது தும்மியது. டீ குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் கிளாஸோடு ஓடினார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் போய்ப் புகுந்த இடம் அந்தக் கல்லறை.

பயம் தெளியட்டும் என்று நான் மட்டும் அசையாமல் டீயைக் குடித்தேன். அதுதான் தப்பு. 'இவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்' என்று பார்க்க ஆரம்பித்தார்கள். டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் வால்வுகள் இருக்கும் பெட்டியின் பூட்டைப் பிடித்து ஆட்டினார். "சும்மா காத்துதான்னு சொல்றியே நைனா, காத்துக்கு எதுக்கு இம்மாம் பெரிய பூட்டு?"

கவிச்சி

எங்கள் குப்பத்தில் வேலைக்குப் போய்வந்த ஆம்பளையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். இறால் பிடித்தவனுக்கு ஒரு வாடை, நண்டு பிடித்தவனுக்கு ஒரு வாடை. நைட்ரஜனுக்கோ வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி குமாரி தினமும் சட்டைக் காலரை மோந்து பார்ப்பாள். டீசல் வாடை வருகிறதே என்றேன். பஸ்ஸில் போனாலும்தான் வரும் என்றாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்: "வேலைக்குப் போன மனுசன் மேல ஒரு கவிச்சி வேணாம்? நெசமா சொல்லு, நீ எங்க போய்ட்டு வர?"

தட்டு

போன சித்திரையில், ஏரி கடலோடு சேரும் வாயில் மண் மூடிக் கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி சூடேறிப் போய், ஒரு காலையில் மடவை மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. ஒதுங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான், சாப்பிட வந்த நான் லாரியை நிறுத்தியிருந்தேன். மூடிய ஏரி வாயை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் என் லாரியைப் பார்த்தார்கள். ஊர்க்கூட்டத்தில் தேசிங்கின் பாடு முறையை நிறுத்திவைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அவனுக்கு ஏரியை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

சரக்கு என்ன என்று காட்டிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். டேங்கரில் மிச்சம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, மீன் கழுவும் தட்டில் ஒரு சொம்பு அளவு ஊற்றினேன். அது கொதித்தது, புகைந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுமில்லாமல் போனது. "பாத்தீங்களா, வெறும் காத்து!" என்று ஜெயித்தவன் மாதிரி தட்டைக் கவிழ்த்துக் காட்டினேன். ஊர்த்தலைவர் எழுந்து வந்து, துண்டால் தட்டைத் துடைத்து, துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "எல்லாரும் பாக்க ஊத்தனான், ஒரு சொட்டு இல்ல. ஏரில ஊத்தனாலும் இப்படித்தானப்பா தடயம் இல்லாம பூடும்!"

பாடு வரும் நாள்

தலைவர் தீர்ப்புச் சொன்னார். தேசிங்குக்குப் பாடு உண்டு. ஆனால் அவன் முறை வரும் நாளில், வலை கட்டியதிலிருந்து தூக்கும்வரை என் லாரி அவன் வலைக்கு நேரே கரையில் நிற்கவேண்டும். கெடுதல் இருந்தால் முதலில் அவன் வலைக்கே வரட்டும். மீன் செத்தால், அதன் பிறகு எங்கள் வீட்டுக்குப் பாடே கிடையாது. தேசிங்கு சரியென்று தலையாட்டினான், என் முகத்தைப் பார்க்கவில்லை. அது என்னை ரொம்பச் சுட்டது.

முதலாளியிடம் கெஞ்சி வண்டியைக் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினேன். விடியும்போது ஊரே கரையில் நின்றது. வலையைத் தூக்கினார்கள். வெள்ளை இறால்! ரெண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை, இன்னும் ரெண்டு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். பாடு பிழைத்தது என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரெண்டு நாள் முன்னால்தான் ஏரி வாயில் மண்ணை வெட்டிவிட்டிருந்தார்கள், கடல் தண்ணீரோடு இறாலும் ஏறி வந்திருந்தது. இதைச் சொல்ல வாயெடுத்தேன், கேட்க ஆள் இல்லை. எல்லோரும் மறுபடி லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்துப் பாடு வரவேண்டியவர் என் தோளில் கைபோட்டு, தன் முறைக்கும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

தேசிங்கு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனான். கட்டிப்பிடித்து அழப்போகிறான் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோடு காதாகக் கேட்டான்: "ண்ணா, ஊர்ல சொல்லமாட்டேன், அண்ணியாண்டகூட சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு. இன்னா ஊத்துன?"

கெடுதல் செய்யவில்லை என்று சொன்னால் ஊர் நம்பாது, அது பழகிவிட்டது. நல்லது செய்யவில்லை என்று சொன்னாலும் கூடப்பிறந்தவனே நம்பமாட்டேன் என்கிறான் பாருங்கள், அதற்குப் பண்ணத்தான் என்னிடம் சத்தியம் எதுவும் மிச்சமில்லை.