செவ்வாய்க்கிழமைப் பொடி

திருத்தணி மலையடிவாரத்தில், பக்தர்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு கட்டளை மடம். அதன் சமையல்கட்டுக்குப் பின்னால் கொடிக்கயிறு ஒன்று உண்டு. நான் வாழையிலை இறக்கும் நேரத்தில் அதில் ஒரே ஒரு ஈர வேட்டி தொங்கும். பங்குனியில் ஒரு நாள் மதியம் போனேன். ஏழு வேட்டிகள் தொங்கின. பத்துப் பேர் அந்த வழியாகப் போய் வருகிறார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் இந்தக் கோதண்டம். ஆனால் கே.ஜி.கண்டிகையிலிருந்து தலைச்சுமையாக இலை கொண்டுவந்து விற்றவன் இன்று இரண்டு லாரி ஓட்டுகிறேன் என்றால், கண்ணில் பட்டதை விடாததால்தான்.

வேட்டிகள் தலைமைச் சமையல்காரர் ஸ்கந்தகுமாருடையவை. நாற்பத்தொரு வயது. அப்பாவும் தாத்தாவும் அதே அடுப்பில் நின்றவர்கள். கழிப்பறைக்குப் போனால் தலைக்குக் குளித்து, துவைத்த வேட்டி கட்டிய பிறகுதான் பாத்திரத்தைத் தொடலாம் என்பது அங்கே கட்டுப்பாடு. ஏழு வேட்டி என்றால், காலைக் குளியல் போக ஆறு தடவை.

"இன்னா சாமி, துணிக்கடை வச்சிட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா. மூணு மாசமா ரத்தமா போவுது. மேனேஜர் காதுல போட்டுடாதீங்க."

மேனேஜருக்கு முன்பே தெரிந்திருந்தது. அடுத்த வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்குறேன் சாமி. அந்த மூணு நாளும் அடுப்பாண்ட நிக்க முடியலன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

அந்த மனுஷன் அடுப்பை விட்டால் எங்கே போவார்? வேறு எதுவும் தெரியாதே. எனக்கு இலைக்கடையில் உட்கார முடியவில்லை. அவரையும் அவர் மனைவி சாய்லக்ஷ்மியையும் சென்னைக்கு ரயிலில் அழைத்துப் போனேன். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்தியவர், அப்படியும் அரக்கோணத்தில் ஒரு முறை, திருவள்ளூரில் ஒரு முறை இறங்கி ஓடினார். இரண்டு ரயிலை விட்டோம்.

குடல் டாக்டர் மெஹ்னாஸ் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு விளக்கினார்.

"உடம்புக்குக் காவல் இருக்கிற செல்லுங்களே குடலை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. அதான் புண்ணு. யாருக்கும் ஒட்டாது, பயப்படாம சமைக்கலாம். இன்னொண்ணு, விட்டமின் டி எட்டுதான் இருக்கு. முப்பதாவது வேணும். அந்தக் காவல்காரங்க எல்லை மீறாம இருக்க அது உதவும்."

"திருத்தணியில வெயிலுக்கா பஞ்சம்மா?" என்று நான் சிரித்தேன்.

என்னை நைனா என்று கூப்பிடும் சாய்லக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். "காலைல நாலு மணிக்கு உள்ள போறாரு, இருட்டுனா வெளிய வர்றாரு. அவரு எங்க நைனா வெயிலப் பாத்தாரு? நெருப்பத்தான் பாத்தாரு."

தினமும் மாத்திரை, அதை நிறுத்தவே கூடாது. கூடவே வாரம் ஒரு பொட்டலம் விட்டமின் பொடி. டாக்டர் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்; நான் கேட்டுக்கொள்வேன் என்று அவர்கள் இருவரும் என்னை நம்பியிருந்தார்கள். கிழமை மறக்காமலிருக்க என்ன வழி என்ற யோசனையில் என் மனம் ஓடிவிட்டது. வெளியே வந்ததும் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை சாமி. முருகன் நாளு. நம்மூர்ல எவன் மறப்பான்?" டீக்கடையிலும் இதை நாலு பேரிடம் சொன்னேன்.

எட்டு வாரம் கொடிக்கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு, ஐந்து, ஆறு, நான்கு, மறுபடி ஆறு. வைகாசி முடியப்போகிறது, ஆடி வந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தூக்கம் போயிற்று.

இரண்டாவது பரிசோதனையில் விட்டமின் டி பதினொன்றுதான். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொடி ஒழுங்கா சாப்ட்டீங்களா?"

"ஒரு செவ்வா கூட வுடலம்மா. குளிச்சிட்டு, தண்ணியில கலந்து."

"அதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவீங்க?"

"செவ்வா விரதம்மா. பொழுது போற வரைக்கும் தண்ணிதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கொழுப்போட சேர்ந்தாதான் அது உடம்புல நல்லா ஏறும். நெய் சாதமோ பாலோ சாப்ட்ட கையோட எடுக்கச் சொன்னேனே. வெறும் வயித்துல, அதுவும் புண்ணான குடல்ல, எப்படி ஏறும்? யாரு செவ்வாய்க்கிழமைன்னு சொன்னது?"

ஸ்கந்தகுமார் மின்விசிறியைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. சாய்லக்ஷ்மிக்கு இருந்தது.

"இதோ, எங்க நைனாதான். எட்டு வாரமும் பொடி உள்ள போயி, சாமியக் கும்புட்டுட்டு வெளிய வந்துட்சி."

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன். என் அறுபத்தெட்டு வயதில் இந்த வார்த்தையை இப்படித் தலைகுனிந்து சொன்னதில்லை.

அவர் விரதத்தை விடமாட்டார். எனவே பொடி புதன்கிழமைக்கு மாறியது, மதியம் நெய் சாதத்துக்குப் பிறகு. டாக்டர் மாத்திரையின் அளவையும் கூட்டினார். தினமும் கொஞ்ச நேரம் வெயில் படட்டும் என்றார். அதற்கு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பதினொரு மணிக்குக் காய் நறுக்குவதைக் கிணற்றடிக்கு மாற்றச் சொன்னேன். மேனேஜர் முறைத்தார். "அப்ப நாளைக்கி இலை வராது" என்றேன். மாற்றினார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலை முழுக்க காவடி, அரோகரா. எனக்கு மூன்று லோடு பாக்கி. லாரியை டிரைவரிடம் விட்டுவிட்டுக் கொடிக்கயிற்றின் அருகில் நின்றேன். முதல் நாள் மூன்று வேட்டிகள். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு ஸ்கந்தகுமார் அவசரமாக வெளியே வந்தார். அவர் கழிப்பறைப் பக்கம் திரும்பவில்லை. கிணற்றடிக்குப் போய்ப் பூசணிக்காயைப் பிளந்தார்.

"இன்னாண்ணா, இங்கயே நின்னுகினு கீறீங்க? கடை இன்னாத்துக்கு ஆவறது?"

"வேட்டி எண்ணிகினு கீறேன் சாமி."

"எத்தினி?"

"ஒண்ணு."

"அது காலைல குளிச்சது."

மேனேஜர் வந்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி, ஆவணிக்கு என்னென்ன சாமான் வேணும்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொடியா, கூட்டிய மாத்திரையா, வெயிலா, எது எவ்வளவு வேலை செய்தது என்று டாக்டரே சொல்லவில்லை. நோய் திரும்ப வரலாம், மருந்தை விடாதீர்கள் என்றுதான் சொல்கிறார். அதனால் இன்றும் அந்தப் பக்கம் போனால் என் கண் கயிற்றுக்குத்தான் போகிறது. புதன்கிழமை மதியம் தவறாமல் போன் செய்கிறேன். சாய்லக்ஷ்மிதான் எடுப்பாள்.

"நெய் சாதம் ஆச்சாம்மா?"

"ஆச்சி நைனா. நீங்க மொதல்ல காலண்டரப் பாருங்க, இன்னிக்கி புதனான்னு."