சடுகுடு பார்க்க லாரி போன நாள்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவித்த நெல்லின் புளித்த வாடை மட்டும் மறக்கவில்லை. மண்ணச்சநல்லூரில் எங்கள் துணியில், தலைமுடியில், சோற்றில்கூட அது இருக்கும், ஏனென்றால் அப்பா ஓர் அரிசி மில்லில் "பாய்லர்க்காரர்".

உமியை அள்ளிப்போட்டு நெருப்பைக் காப்பதும், பாய்லரில் தண்ணீர் குறையாமல் பார்ப்பதும் அவர் வேலை. முறை மாற்றிவிட இன்னொருவர் இருந்தார். முதலாளிக்குச் சடுகுடுப் பைத்தியம் பிடித்து, மில் பேரில் ஓர் அணி கட்டியதும் அந்த இன்னொருவரை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் முசிறியிலிருந்து சிங்காரம் என்ற ஆட்டக்காரரைச் சேர்த்தார். பேருக்குத்தான் பாய்லர் வேலை. அப்பாவைப் போல இரண்டு மடங்கு சம்பளம், தினமும் பால், முட்டை. அப்பா இரவும் பகலும் ஒண்டியாக நின்றார்.

"மூச்சுப் பிடிக்கிறவனுக்கு முட்டை, நெருப்புல நிக்கிறவருக்குப் பழையதா?" என்று அம்மா பொருமுவாள்.

"அவனை ஏன்டி வையிற? முட்டி பேந்துச்சுன்னா நாளைக்கே அனுப்பிடுவாங்க" என்பார் அப்பா.

உறையூரில் கோப்பைக்கான கடைசி ஆட்டம் நடந்த அன்று, முதலாளி மில் ஆட்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் சோறு கொண்டுபோனபோது அப்பாவுக்குக் கண் சொருகிக்கொண்டே இருந்தது. பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருப்பார். "தண்ணி இந்த நூலுக்குக் கீழ இறங்குனா எழுப்பும்மா" என்று சொல்லிவிட்டுச் சாக்கில் சாய்ந்தார்.

எனக்குப் பத்து வயது. உமிக் குவியலில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், குழாயில் தண்ணீர்க் கோடே இல்லை. மேலே வரை நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நிரம்பிய கண்ணாடியும் வற்றிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"தண்ணி இருக்காம்மா?" என்று அப்பா தூக்கத்திலேயே கேட்டார்.

"நெறைய இருக்குப்பா."

மறுபடி கேட்டார், மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவரே கண் விழித்துப் பார்த்தார். எழுந்துபோய்க் குழாயின் அடித்திருகைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை, ஆவிதான் சீறியது.

"ஓடு! கேட்டைத் தாண்டி ஓடு!"

அப்போது தண்ணீர் விட்டால் வெடித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்: நெருப்பை அணைக்க, அடுப்பில் எரிகிற உமியை வெறுங்காலோடு நின்று வெளியே இழுத்து இழுத்துத் தள்ளினார்.

சாயங்காலம் லாரி கோப்பையோடு வந்தது. அப்பா இரண்டு கால்களையும் வாளித் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டுய்யா நெருப்பை இழுத்தே? ஊறுன நெல்லு பூரா அவிக்காம நாறப் போவுது!" என்று முதலாளி கத்தினார்.

சிங்காரம் மட்டும் தன்னைத் தூக்கிவந்தவர்களின் தோள்களிலிருந்து இறங்கி வந்து, "அண்ணே, காலு..." என்றார். அதற்குள் அவரை மறுபடி தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு அன்று மோதிரம். அப்பாவுக்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தம். நான் சொன்ன "நெறைய இருக்குப்பா"வை அப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மகளோடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். அந்த மில் கல்யாண மண்டபமாகிவிட்டது. டிவியில் ஆட்டக்காரர்களைக் கோடிக்கணக்கில் ஏலம் எடுக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நேரத்தில் எங்கே யார் ஒண்டியாக நிற்கிறார்களோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

பாய்லர் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் தண்ணீர் மறைந்தபின் ஒரு பாய்லர் எவ்வளவு நேரம் பொறுக்கும்? நான் இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறேன்.