இபுகிக்கு வாய் நீளம்

என் அக்கா தமாகியை யார் வேண்டுமானாலும் திட்டலாம். திருப்பித் திட்ட மாட்டாள். ரயிலடிப் பக்கம் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் காலை வேலை அவளுக்கு. கோழி வறுவல் ஆறிவிட்டது என்று யாராவது கத்தினால், கோழிக்கும் சேர்த்து இவளே மன்னிப்புக் கேட்பாள். வயது முப்பத்துமூன்று. அதில் பத்து வருடம், வேறொருவரின் படக்கதைக்கு மழையும் மின்கம்பமும் வரைந்தே கரைந்தது. போன வருடம்தான் ஒரு வார இதழில் அவளுக்கென்று சொந்தமாக ஒரு தொடர் கிடைத்தது. பள்ளிக்கூடக் காதல் கதை.

இந்தச் சாது பெற்ற பிள்ளைதான் இபுகி, கதையின் நாயகி. பொதுக் குளியல்கூடத்தில் கல்லாவில் உட்காரும் பதினேழு வயதுக்காரி. "தலையத் துவட்டிட்டு வாங்க, தரை என்ன உங்க தாத்தா சொத்தா?" என்று நகரத் தலைவரையே கேட்பாள். அவளைச் சுற்றிச் சுற்றி வரும் வகுப்புத் தோழன் சோஜிக்கோ நாள் தவறாமல் அர்ச்சனை.

எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் நான் ஒருத்திதானே.

ஒவ்வோர் இதழிலும் ஓர் அஞ்சலட்டை வைத்திருப்பார்கள். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்ப வேண்டும். பத்தொன்பது தொடர்களில் அக்காவுடையது பதினெட்டாவது. அடுத்த அத்தியாயமும் இப்படியே போனால் தொடருக்கு மூடுவிழா. அக்காவின் பொறுப்பாசிரியர் நுமாதா போனில் இதைச் சொன்னபோது, அக்கா சுவரைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ வாயில வசாபிக் காரத்த அப்பணும்னு எழுதறாங்க, சென்செய்," என்றார் அவர், படக்கதை வரைபவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லோடு. "கொஞ்சம் அழ வைங்க. கன்னம் செவக்கட்டும். சின்ன வயசுல ஒரு சோகம் இருந்துச்சுன்னு வைங்க. ஜனங்க மன்னிச்சிடுவாங்க."

அக்கா நான்கு நாள் உட்கார்ந்து பென்சிலில் கரட்டு வரைவு போட்டாள். முகமெல்லாம் வெறும் முட்டை. வசனம் மட்டும் தெளிவாக இருக்கும். அதை வைத்துத்தான் ஆசிரியர் சரி என்பார், அல்லது கிழிப்பார். கதை இதுதான்: சோஜி காய்ச்சலில் படுத்திருக்கிறான், இபுகி பார்க்க வருகிறாள். வந்தவள் கட்டிலோரம் விழுந்து, "நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா?" என்று ஏழு பக்கத்துக்கு அழுகிறாள்.

மூன்று மணிக்கு ரயிலடி உணவகத்தில் நுமாதாவைப் பார்க்க வேண்டும். அக்கா குளிக்கப் போனாள். நான் ரப்பரை எடுத்தேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் திட்டுகிற பாடத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அக்காவின் கையெழுத்தும் எனக்கு அப்படியே வரும். அவள் தலை துவட்டி முடிப்பதற்குள் அழுகையெல்லாம் போய், அசல் இபுகி வந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க நானும் கூடவே கிளம்பினேன்.

நுமாதா சோளச் சூப்பை உறிஞ்சியபடி புரட்டினார். "செத்தா முன்னாடியே சொல்லு, உன் சைக்கிள நான் எடுத்துக்கறேன்" என்ற இடத்தில் சிரித்துவிட்டார். அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நான் கண்ணாடித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. அதற்கடுத்த பக்கத்தில் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சென்செய், இது திமிரு. காய்ச்சல்ல கெடக்கறவன்கிட்ட இதையா சொல்லுவா?" என்று கேட்டு, அந்த வரியை வாசித்தார். "'உங்கம்மாவே உன்ன விட்டுட்டு ஓடிட்டா, நான் எதுக்கு உக்காந்திருக்கணும்?'"

அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த வரியைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் அம்மா எங்களை விட்டுப் போனபோது எனக்கு ஆறு வயது. வரி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"ரிக்கா, நீயா?"

"சும்மா விளையாட்டுக்குத்தான்…"

"அஞ்சு மணிக்கு எனக்கு ஆசிரியர் கூட்டம்," என்று நுமாதா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு பத்து ரயிலப் பிடிச்சாகணும். கையில ஒண்ணும் இல்லாமப் போனா, இன்னிக்கே முடிச்சிடுவாங்க. நான் போன்ல சொன்ன அழுகைய எழுதிக் குடுங்க, போதும். அந்தக் கன்னச் செவப்ப மட்டும்…"

"கொஞ்சம் வாய மூடுறீங்களா, நுமாதா-சான்!"

பக்கத்து மேஜைக் குழந்தை உறிஞ்சுகுழலைக் கீழே போட்டது. என் அக்காவின் தொண்டையில் இப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது.

"ரெண்டு பேருக்கும் இவளப் பத்தி ஒண்ணும் தெரியல. அழுதா அவ இபுகி இல்ல. படுத்துக் கெடக்கறவன அடிச்சாலும் அவ இபுகி இல்ல. எதிர்ல நிக்க முடிஞ்சவங்ககிட்டதான் அவ வாய் நீளும். ரிக்கா, ரப்பரக் குடு. உன்கிட்டதான் இருக்கும்."

இருந்தது. கொடுத்தேன்.

நாற்பது நிமிடம். நுமாதாவின் சூப்பில் ஆடை படிந்தது. அக்கா முட்டை முகங்களாகப் போட்டுத் தள்ளினாள். நான் கட்டத்துக்குக் கோடு இழுத்தேன். இரண்டு முறை கோணலாக இழுத்தேன். அவள் திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

புதிய பக்கங்களில் இபுகி உள்ளே வருகிறாள். சட்டியைப் பார்க்கிறாள். "இது கஞ்சியா, சுவத்துக்குப் பூசற பசையா?" "நானே வச்சேன்," என்கிறான் சோஜி. இபுகி சட்டியைக் கழுவுகிறாள். அரிசியைக் களைந்து உலையில் போடுகிறாள். அவன் தூங்கிய பிறகு, துப்புரவு வேலைக்குப் போயிருந்த அவன் அம்மா வருகிறாள். பிள்ளையைத் தனியாக விட்டுப் போனவளை விளாசத்தான் இபுகி வாயைத் திறக்கிறாள். அந்த அம்மா காலணியைக் கழற்றுகிறாள். கால் வீங்கியிருக்கிறது. இபுகி திறந்த வாயை மூடுகிறாள். ஒரு கட்டம் முழுக்க மூடிய வாய் மட்டும். அப்புறம் அந்த அம்மாவுக்கென்று இரண்டாவது கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி, ணங்கென்று வைக்கிறாள். "உப்புப் பத்தலைன்னா நீங்களே போட்டுக்குங்க. நான் ஒண்ணும் உங்க வேலைக்காரி இல்ல." கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறாள்.

நுமாதா படித்தார். மூடிய வாய்க் கட்டத்திடம் திரும்பிப் போய் மறுபடியும் படித்தார். தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார். கூட்டத்தில் வரைவு எப்படியோ தப்பித்து, அத்தியாயம் அச்சேறியது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது, "மன்னிச்சுடு அக்கா," என்றேன்.

"சைக்கிள் வரி நல்லா இருந்துச்சு," என்றாள். "அவனுக்குக் காய்ச்சல் விட்டப்புறம் வச்சுக்கறேன்."

இதழ் வந்த ஒன்பதாம் நாள் போன் அடித்தது. அக்காவின் கையெல்லாம் மை. நான்தான் போனை அவள் காதோடு பிடித்தேன். என் காதையும் ஒட்டிக்கொண்டேன்.

"பன்னண்டு, சென்செய்! பன்னண்டாவது எடம்! தொடர் ஓடும். வாசகர் அட்டையில எல்லாம் அந்த ரெண்டாவது கிண்ணத்தப் பத்தித்தான்." அவர் மூச்சு வாங்கினார். "அடுத்ததுல மட்டும், லேசா, ஒரே ஒரு கன்னச் செவப்பு…"

"முடியாது."

"ஒரே ஒரு கட்டம்…"

"அவளுக்கு வெக்கம் வந்தா முதுகத் திருப்பிக்குவா. முதுகத்தான் வரைவேன்."

அந்தப் பக்கம் பென்சில் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"முதுகா…" என்றார் நுமாதா. "சரி. புதன்கிழமை, மூணு மணி."